கல்லுக் கோயிலுக்கு மணியில்லாத காலம்

மடுல்கெல்லைக்கு மேலே, நான்கு தேயிலைத் தோட்டங்கள் வந்து முட்டும் முகட்டில் பரிசுத்த பிலிப்பு ஆலயம் இருந்தது. பெயர்ப் பலகையில்தான் பரிசுத்த பிலிப்பு. ஊர் வாயில் அது கல்லுக் கோயில். கோப்பிக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்கென்று கருங்கல்லில் கட்டிக்கொண்டது. கோப்பியில் நோய் விழுந்ததும் பாதித் துரைமார் கப்பலேறினார்கள். சிலர் கோயில் முற்றத்துக் கல்லறைகளிலேயே தங்கிவிட்டார்கள். பிறகு தேயிலை வந்தது, தேயிலைக்குப் பின்னால் மோட்டார்க் காரும் வந்தது. காரில் ஏறினால் கண்டியில் பெரிய கோயிலில் ஆராதனை முடித்து, கிளப்பில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம் என்றானதும், புதிய துரைமார் இந்த முகட்டுக்கு ஏறுவதை விட்டார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் கல்லுக் கோயிலுக்குள் கேட்ட பாஷை தமிழ் ஒன்றுதான்.

அந்தத் தமிழிலும் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது கிருபையின் தமிழ்.

கிருபை தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான மேற்பிரிவு லயத்தில் பிறந்தவள். தகப்பன் சின்னத்தாவீது திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, இங்கே தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். தாய் அவளுடைய சிறு வயதிலேயே காய்ச்சலில் போய், கோயில் முற்றத்தின் ஓரத்தில் அடக்கமாகியிருந்தாள். கிருபை பிறந்தபோது அழுத அழுகையில், ஏதோ சண்டை என்று எண்ணிப் பக்கத்து லயத்து ஆண்கள் தடியோடு ஓடி வந்தார்களாம். இதைச் சின்னத்தாவீது யார் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். வளர்ந்த பிறகும் அந்தத் தொண்டை அடங்கவில்லை. அவள் ரகசியம் பேசினால் அடுத்த நிரையில் கொழுந்து பறிப்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கூப்பிட்டால் அடுத்த மலையில் திரும்பிப் பார்த்தார்கள். பள்ளியில் உபதேசியார், மலையில் கங்காணி, கிணற்றடியில் பெண்கள் என்று எல்லோரும் அவளுக்குச் சொன்ன புத்தி ஒன்றுதான்: "மெதுவாப் பேசு புள்ள."

கல்யாணப் பேச்சுக்கும் அதுவே இடைஞ்சலானது. தெல்தோட்டைப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பின்பக்கக் கீரைப் பாத்திக்குள் ஒரு கோழி நுழைந்தது. கிருபை கோழியை விரட்டினாள். அந்த அம்மாள் கையிலிருந்த செம்பைக் கீழே போட்டுவிட்டாள். இருந்தாலும் மரியாதைக்குக் கோப்பி குடித்தார்கள், பெண் லட்சணமாக இருக்கிறாள் என்றார்கள். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு ஆள் சொல்லி அனுப்பினார்கள்: "எங்க லயத்துக் காம்பிரா ரொம்பச் சின்னது. இந்தச் சத்தம் கொள்ளாது."

அன்றைக்குக் கிருபை சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். பக்கத்துக் காம்பிராவிலிருந்து வேலாயி ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து வைத்தாள். வேலாயி மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஒரே நிரையில் கொழுந்து பறித்துப் பறித்து இருவரும் அக்காள் தங்கை மாதிரி ஆகியிருந்தார்கள்.

"தின்னுடி. கோழிக்குப் பயப்படுற குடும்பத்துல போயி நீ என்னா பண்ணப் போற?" என்றாள் வேலாயி.

படுத்திருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு லயம் முழுக்கக் கேட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில், ஐப்பசி மழையின்போது, கோயிலின் மணிக்கூண்டில் இடி விழுந்தது. கூண்டு சரிந்து, மணி ஒரு துரையின் கல்லறை மேல் விழுந்து பிளந்துபோனது. யாருக்கும் காயமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் குலைந்துவிட்டன. லயங்களில் கடிகாரம் கிடையாது, பனி மூடிய மலையில் சூரியனைப் பார்த்து நேரம் சொல்லவும் முடியாது. முதல் மணி கேட்டதும் குளித்துக் கிளம்பி, இரண்டாம் மணிக்குள் முகட்டுக்கு ஏறிவிடுவதுதான் நாலு தோட்டத்துச் சனங்களின் வழக்கம். மணி போனதும் சிலர் இருட்டோடு வந்து பூட்டிய கதவின் முன்னே குந்தியிருந்தார்கள். சிலர் பிரசங்கம் முடிந்து ஆசீர்வாதம் சொல்லும்போது மூச்சிரைக்க வந்தார்கள். கொஞ்ச நாளில் பலர் வருவதையே விட்டார்கள்.

கண்டியிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்து, கோயிலின் பின்னறையில் தங்கி ஆராதனை நடத்தியவர் எசேக்கியேல் பாதிரியார். யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த உடம்பு, மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்லும் குணம். கார்த்திகை மாதத்து ஒரு ஞாயிறு, வந்திருந்த ஏழெட்டுப் பேரைப் பார்த்து அவர் சொன்னார்:

"பிள்ளையள், நான் உங்களுக்கு மறைக்கேல்லை. ஆக்கள் வராத கோயிலை ஏன் திறந்து வைச்சிருக்கிறீர் எண்டு மேலிடத்தில கேக்கினம். இப்பிடியே போனால் தை மாசத்தோட பூட்டச் சொல்லிப்போடுவினம். பிறகு நீங்கள் வத்தேகமைக்குத்தான் இறங்கிப் போகவேணும்."

வத்தேகமை எங்கே, மேற்பிரிவு எங்கே! போய்வர ஞாயிறு முழுவதும் சரியாகிவிடும். கிருபை எழுந்தாள். வெளியே வந்து தாயின் குழிமேட்டில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கினாள். கோயிலைப் பூட்டிவிட்டால் இந்தப் புல்லை யார் பிடுங்குவது என்ற நினைப்பு அவளை வாரம் முழுவதும் விடவில்லை.

அடுத்த ஞாயிறு, விடிந்து பனி கலையத் தொடங்கிய நேரத்தில், கோயிலுக்குப் பின்னால் துருத்தி நின்ற பாறை மேல் ஏறினாள். நான்கு தோட்டத்து லயங்களும் அங்கிருந்து தெரியும். இடுப்பில் கை வைத்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். பிறந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாகத் தன் தொண்டையை அடக்காமல் திறந்தாள்.

"கோயிலுக்கு வாங்கோ...! நேரமாச்சு, வாங்கோ...!"

எதிர்மலை அதை வாங்கித் திருப்பிச் சொன்னது. லயங்களில் கதவுகள் திறந்தன. நாய்கள் குரைத்தன. பின்னறையில் முகம் மழித்துக்கொண்டிருந்த பாதிரியார் தாடையைக் கீறிக்கொண்டு, பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு ஓடி வந்தார்.

"ஆரது? என்ன நடந்தது?"

கிருபை அவரைக் கவனிக்கவில்லை. பொதுவாகக் கூப்பிட்டால் இன்னொருத்தர் போவார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆகையால் பெயர் சொல்லத் தொடங்கினாள்.

"கீழ்ப்பிரிவு மரியாள் அத்தே! எந்திரிச்சாச்சா? குருவிமல சவரிமுத்து மாமா! போன மாசமும் வரல, இன்னைக்கும் வரலேன்னா நானே வந்து இழுத்துக்கிட்டு வருவேன்!"

நாலு தோட்டத்துக்கும் கேட்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு வராமல் இருக்க யாருக்கு மனசு வரும்? மரியாள் அத்தை தலையைக்கூட ஒழுங்காக முடிந்துகொள்ளாமல் வந்தாள். சவரிமுத்து மாமா சட்டைப் பொத்தானை வழியில் போட்டுக்கொண்டு வந்தார். என்ன கூத்து என்று பார்க்க, மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களும் சிலர் வந்து கோயில் வாசலில் நின்றார்கள்.

அன்று கோயிலில் இடம் போதவில்லை. துரைமார் காலத்திலிருந்தே தமிழ்ச் சனங்கள் பின்பக்கம் பாய் விரித்துத்தான் உட்கார்வார்கள். முன்னாலிருந்த சாய்வுப் பலகை போட்ட தேக்கு வாங்குகளில் பித்தளைத் தகட்டில் துரைமாரின் பெயர் வெட்டியிருந்தது. அந்தத் துரைமாரில் ஒருவரும் இப்போது மலையில் இல்லை. ஆனாலும் அவற்றில் யாரும் உட்கார்ந்ததில்லை.

"முன்னுக்கு வாங்கோ. வாங்கெல்லாம் சும்மாதானே கிடக்குது" என்று பாதிரியார் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை.

பாறையிலிருந்து இறங்கிக் கடைசியாக உள்ளே வந்தவள் கிருபை. பாயில் ஒரு சாண் இடமில்லை. நேரே நடந்து போய் முதல் வாங்கில் உட்கார்ந்தாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. வாங்கு மட்டும் லேசாகக் கிரீச்சிட்டது. மரியாள் அத்தை எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு சவரிமுத்து மாமா. பிறகு கோயிலே எழுந்து முன்னால் வந்தது. அந்தப் பாய்களை அதற்குப் பிறகு யாரும் விரிக்கவில்லை.

தை பிறந்தது, கோயில் பூட்டப்படவில்லை. அதன் பின் ஞாயிறுதோறும், மழையானால் சாக்கைத் தலையோடு கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, கிருபை பாறை மேல் ஏறினாள். அவள் கூப்பிடும் சத்தத்தில்தான் மாரியம்மன் கோயில் பூசாரியும் உலை வைத்தார். முகட்டின் அடியில், லொறிப் பாதை முடியும் இடத்தில் கடை வைத்திருந்த லாபிர் நானாவுக்கு அது பெரிய சந்தோஷம். அவருடைய கடையில்தான் நாலு தோட்டமும் அரிசி, கருவாடு, சீத்தைத் துணி எல்லாம் வாங்கும்.

"எங்கட பள்ளிக்குப் பாங்கு செல்ல மோதினார் ஈக்கிறாரு. ஒங்கட கோயிலுக்குக் கிருபை ஈக்கிறா. இனி மணி என்னத்துக்கு?" என்று பாதிரியாரிடமே கேட்டார்.

"மணிக்குத் தடிமன் பிடிக்காது, முதலாளி" என்றார் பாதிரியார். அந்த வாரம் கிருபைக்குச் சளி.

முப்பதாம் ஆண்டு சித்திரையில் புது மணிக்கு வழி பிறந்தது. தோட்டத்துச் சனங்கள் கொடுத்ததும், கோப்பிக் காலத்துத் துரைமாரின் பிள்ளைகள் இங்கிலாந்துச் சீமையிலிருந்து அனுப்பியதும் சேர்ந்தன. முதலில் கூண்டைக் கட்ட வேண்டும். அதற்காகப் பாதிரியார் நாவலப்பிட்டியிலிருந்து ஒரு கல் கொத்தனாரைக் கூட்டி வந்தார். பெயர் யாக்கோபு. முப்பது வயதிருக்கும், அகன்ற தோள், அமைதியான முகம். லாபிர் நானாவின் கடைக்குப் பின்னறையில் தங்கினான்.

வந்த வாரத்திலேயே அவனுக்குக் கர்வம் பிடித்தவன் என்று பெயர் வந்துவிட்டது. எதைக் கேட்டாலும் தலையாட்டினான். "சாப்பிட்டீங்களா?" என்றாலும் தலையாட்டல், "எந்த ஊரு?" என்றாலும் தலையாட்டல். வேலாயி ஒருநாள், "சுண்ணாம்பு மேல கோழி நடக்குது அண்ணே!" என்று கத்தியதற்கும் தலையை ஆட்டிவிட்டுக் கல்லைக் கொத்திக்கொண்டே இருந்தான்.

கூட வந்திருந்த கிருபைக்குப் பொறுக்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ஏங்க, கோழி நடக்குதுங்கறாங்க, நீங்க பாட்டுக்குத் தலைய ஆட்டுறீங்களே! காது கேக்குதா இல்லியா?"

யாக்கோபு உளியைக் கீழே வைத்தான். திரும்பி அவளைப் பார்த்தான். வந்த நாள் முதல் யாரும் காணாத ஒரு சிரிப்பு அவன் முகத்தில் மெல்ல விரிந்தது.

"கேக்குது. நீ பேசுறது கேக்குது" என்றான்.

கற்குழியில் வெடி வைத்து வைத்து, அவன் காது வருஷக்கணக்காய் மந்தமாகிவிட்டிருந்தது. சனங்கள் வாயசைப்பது தெரியும், பேச்சு மட்டும் தூரத்து மழை மாதிரி இருக்கும். திரும்பத் திரும்பக் கேட்க வெட்கப்பட்டுத் தலையாட்டப் பழகியிருந்தான்.

"நாலஞ்சு வருசமாச்சு, ஒரு பொம்பளப் பேச்ச முழுசாக் கேட்டு" என்றான். "இன்னும் ஏதாச்சும் பேசு."

இப்படி ஒரு வார்த்தையைக் கிருபையிடம் யாரும் சொன்னதே கிடையாது. கூடையைத் தூக்கி மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். நிரையில் நின்று பறித்தவளின் கை அன்று முழுவதும் கொழுந்தையும் முற்றலையும் சேர்த்தே கிள்ளியது. கங்காணி ஏசினார். அது அவள் காதில் விழவேயில்லை.

அதற்குப் பிறகு கூண்டு வேலையில் எந்த ஆளுக்கு எது சொல்ல வேண்டியிருந்தாலும் கிருபையைத்தான் தேடினார்கள். "யாக்கோபு அண்ணன சாப்புட வரச் சொல்லு." "மணல் வந்திருச்சுன்னு சொல்லு." லயத்து வாசலில் நின்றே அவள் சொல்லுவாள், முகட்டின் மேலிருந்து அவன் கையசைப்பான். சில சமயம் சொல்ல ஒன்றும் இல்லாதபோதும் ஏதாவது சொன்னாள். மலையில் மழை வரப்போகிறது என்பதை அவனுக்கு அறிவித்தாள். மழை அவன் தலை மேல் ஏற்கெனவே பெய்துகொண்டிருந்தது.

ஆவணி மாதத்தில் ஒருநாள், மாலைக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் பெண்கள் கோயில் பாதையால் திரும்பிக்கொண்டிருந்தார்கள். யாக்கோபு மூங்கில் சாரத்தின் உச்சியில் நின்று கூண்டின் கடைசி வளைவுக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தான். கிருபையைக் கண்டதும் கரண்டியை வைத்துவிட்டுக் குனிந்தான். காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. அவன் ரகசியமாகச் சொல்வதாகத்தான் நினைத்தான்.

"கிருபை! ஒன்னயக் கட்டிக்கிடலாம்னு இருக்கேன்! அப்பாகிட்ட வந்து கேக்கட்டுமா?"

பாதையில் போன பெண்களெல்லாம் அப்படியே நின்றார்கள். கீழ்மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த ஆண்கள் நிமிர்ந்தார்கள். கிருபைக்குக் காது மடல் வரை சூடேறியது. தலையைக் குனிந்துகொண்டு, ஒரு பெண் சொல்ல வேண்டிய விதத்தில் மெல்லச் சொன்னாள்:

"கேளுங்க."

"என்னா?"

"கேளுங்கன்னு சொன்னேன்."

"காத்து அடிக்குது புள்ள! என்னா சொன்ன?"

வேலாயி அவள் விலாவில் இடித்தாள். "அடியே, ஊரு பூராவும் மெதுவாப் பேசு மெதுவாப் பேசுன்னப்போ கேக்கல. இப்பத்தானா ஒனக்கு வெக்கம் வரணும்? சத்தமாச் சொல்லுடி!"

கிருபை கூடையைத் தலையிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். மூச்சை இழுத்தாள்.

"எங்கப்பாகிட்ட வந்து கேளுங்கன்னு சொல்றேன்யா! எனக்குச் சம்மதம்!"

"சம்மதம்... மதம்... தம்..." என்று எதிர்மலை அதை உருட்டிக்கொண்டு போனது. பிறகு குருவிமலைப் பக்கத்திலிருந்து யாரோ குலவை போட்டார்கள். வேலாயி பதிலுக்குக் குலவை போட்டாள். கீழ்மலைத் தேயிலைக்குள்ளிருந்து சின்னத்தாவீது கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி எழுந்தார்.

"எனக்கும் சம்மதந்தான்! மொதல்ல சாரத்த விட்டு எறங்கி வாப்பா, விழுந்து தொலைக்காத!" என்று கத்தினார். பெண்ணுக்கு அந்தத் தொண்டை யாரிடமிருந்து வந்தது என்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

புரட்டாசியில் மணி வந்தது. கண்டியிலிருந்து லாபிர் நானா தன் அரிசி லொறியிலேயே ஏற்றி வந்தார். பச்சரிசி மூட்டைகளுக்கு நடுவே வைக்கோல் போர்த்திப் புது மணி உட்கார்ந்திருந்தது. கடை வாசலோடு லொறிப் பாதை முடிந்தது. மேலே கோயில்வரை செங்குத்தான நடைபாதை, அதுவும் மழையில் அரித்தது. பலா மரத்தடிகளைப் பிணைத்துச் சறுக்கு மாதிரி செய்து, அதில் மணியை ஏற்றி, வடம் கட்டினார்கள். இழுக்க ஆள் கேட்டபோது கோயில் சனங்கள் மட்டும் வரவில்லை. வேலாயியின் புருஷன் கறுப்பையா, மாரியம்மன் தேர் இழுக்கிற ஆட்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"தேருக்கு இழுக்கிற கை, மணிக்கு இழுக்காதா?" என்றார்.

முதலில் காரியம் நடக்கவில்லை. முன்னால் இருப்பவர்கள் இழுக்கும்போது பின்னால் இருப்பவர்கள் மூச்சு வாங்கினார்கள், பின்னவர்கள் இழுக்கும்போது முன்னவர்கள் வழுக்கினார்கள். மணி ஒரு முழம் ஏறி அரை முழம் இறங்கியது. லாபிர் நானா சாரனை மடித்துக் கட்டிப் பின்னால் முட்டுக் கொடுத்தார். சேற்றில் வழுக்கி உட்கார்ந்தவர் எழுந்து, "கிருபை எங்க? அந்தப் புள்ளக்கிச் செல்லுங்க, முன்னுக்கு வந்து சத்தம் குடுக்க!" என்றார்.

கிருபை வடத்தின் முன்னால் போய், ஆட்களைப் பார்த்தபடி பின்னோக்கி ஏறத் தொடங்கினாள்.

"ஏலேலோ... மலையேறு! எங்க மணியே மேலேறு!"

"ஏலேலோ!" என்றார்கள் எல்லோரும். வடம் ஒரே சீராக விறைத்தது.

"கறுப்பண்ணே கைகுடுங்க! நானா வந்து தோள்குடுங்க!"

"ஏலேலோ!"

வாய்க்கு வந்ததைக் கட்டிக் கட்டிச் சொல்லிக்கொண்டே போனாள். ஒவ்வொருவர் பெயரையும் பாட்டில் சேர்த்தாள். தன் பெயர் எப்போது வரும் என்று பார்த்தே சிலர் கூடுதலாக இழுத்தார்கள். யாக்கோபு பெயர் வந்தபோது பெண்கள் சிரித்த சிரிப்பில் வடம் தளர்ந்து, மணி மறுபடி அரை முழம் இறங்கியது. வெயில் உச்சிக்கு வருமுன் மணி கோயில் முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. நானாவின் மனைவி றலியா பெரிய சட்டி நிறையத் தேங்காய்ப்பால் கஞ்சி காய்ச்சி அனுப்பியிருந்தாள். எல்லோரும் சேற்றுக் காலோடு கல்லறைகளின் மேல் உட்கார்ந்து குடித்தார்கள்.

பாதிரியார் கோயிலில் இருவருக்கும் கல்யாண ஓலை வாசித்து, "இவர்கள் விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம்" என்று முறைப்படி மூன்று ஞாயிறும் கேட்டார். மூன்று ஞாயிறும் சனம் சிரித்தது. நாலு மலையும் அறிந்த சம்மதத்துக்கு யார் தடை சொல்வது? ஐப்பசி முதல் வாரத்தில் கல்யாணம். கல்லுக் கோயிலின் பலிபீடத்துக்கு முன்னே நின்று மணமுடித்த முதல் தமிழ்ச் சோடி அவர்கள்தான். அதுவரை தமிழர் கல்யாணமெல்லாம் உபதேசியார் வீட்டு முற்றத்தில் நடந்தன. பாதிரியார் உறுதிமொழியை யாக்கோபுக்கு விளங்கும்படி கத்திச் சொல்லப் பார்த்து இருமத் தொடங்கினார். கடைசியில் கிருபையே மணமகனின் பங்கையும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவன் அதைத் திருப்பிச் சொன்னான். வெளியே புதுக் கூண்டில் மணி அடித்தது.

"ஒன் வேலயப் பிடுங்கிருச்சேடி அந்த மணி. வருத்தமா இல்லியா?" என்று வேலாயி பிறகொரு நாள் கேட்டாள்.

"மழயில பாறையில ஏறி நின்னு பாரு, அப்பத் தெரியும். நான் இப்ப ஞாயித்துக்கெழம நல்லாத் தூங்குறேன்" என்றாள் கிருபை.

இருவரும் கோயில் முற்றத்துக்குக் கீழே, காவற்காரனுக்கென்று கட்டிய கல் வீட்டில் குடியேறினார்கள். யாக்கோபு கோயிலையும் சுற்றுமதிலையும் பார்த்துக்கொண்டு, தோட்டங்களில் கல் வேலையும் செய்தான். கிருபை கொழுந்துக்குப் போனாள், கோயிலில் பாட்டை எடுத்துக் கொடுத்தாள். புருஷன் பெண்சாதிப் பேச்சு அந்த வீட்டில் ஒருநாளும் வீட்டுக்குள் நின்றதில்லை. அவர்கள் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு, உப்பு கூடியதா குறைந்ததா, யார் மேல் யாருக்குக் கோபம் என்பதெல்லாம் இரண்டு தோட்டத்துக்குத் தெரிந்திருந்தது. சமாதானமானதும் தெரிந்திருந்தது. இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். மூத்தவள் தகப்பனைப் போல, இளையவள் யாரையும் போல இல்லை என்றார்கள்.

முப்பத்தாறாம் ஆண்டு அறுப்புப் பண்டிகையில் ஆராதனை முடிந்து, காணிக்கையாக வந்த பூசணி, வாழைக்குலை, கோழி எல்லாவற்றையும் முற்றத்தில் ஏலம் போட்டார்கள். கடைசியாக ஒரு கறுப்பு வெள்ளாடு வந்தது. லாபிர் நானாவும் குருவிமலைக் கங்காணியும் அதற்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரோரமாக உட்கார்ந்திருந்த யாக்கோபு, ஏலம் எதுவரை போனது என்று ஒன்றும் கேளாமல், மூக்கில் உட்கார்ந்த ஈயை விரட்டக் கையைத் தூக்கினான்.

"யாக்கோபு அண்ணனுக்கு! ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்!"

கயிற்றைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார்கள். அவன் ஆட்டைப் பார்த்தான், ஆடு அவனைப் பார்த்தது. எல்லோரும் சிரிப்பதைக் கண்டு அவனும் பழக்கப்படி தலையாட்டினான். கிருபை சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானா பக்கத்தில் வந்து, "எனக்குத் தாங்க, நான் எடுத்துக்கொள்றேன்" என்றார்.

"வேணாம் நானா. அவரே ஆசப்பட்டு எடுத்திருக்காரு" என்றாள் கிருபை.

பிள்ளைகள் ஆட்டைத் தள்ள, யாக்கோபு இழுக்க, கிருபை பின்னால் ஏலத்தில் எடுத்த பூசணிக்காயைச் சுமந்து வர, குடும்பம் வீட்டுக்கு இறங்கியது. பாதி வழியில் ஆடு நின்று, பாதையோரத்துத் தேயிலையை முகர்ந்து பார்த்துவிட்டு, பிடிக்காமல் தும்மியது.